ஏழாவது மணிலா வீடு

ஒரே படத்தை வைத்து ஆறு ஊரில் ஆறு வீடு கட்டினார்கள், ஆறும் வடக்குப் பார்த்த வீடு, தெருவில் நின்று பார்த்தால் ஆறிலும் வலது கைப் பக்கம் கோபுரம் போல ஒரு உருண்டை மாடம், இடது கைப் பக்கம் பின்னால் தென்கிழக்கு அக்கினி மூலையில் அடுக்களை, முறுக்குப் பிழிந்தது போலத் திருகின தூண்கள், வளைந்த வாசல்கள், குழாயைப் பிளந்து கவிழ்த்தது போன்ற சிவப்பு ஓடுகள். பஞ்சு மில்லில் கூட்டாளிகளாக இருந்தவர்களில் ஒருவர் அந்தக் காலத்தில் மணிலாவுக்குக் கப்பலேறிப் போனார், அங்கே ஸ்பெயின்காரர்கள் கட்டிவிட்டுப் போன பங்களாக்களைப் பார்த்துச் சொக்கிப்போனார், ஒரு பங்களாவின் படத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார், கூட்டாளிகள் எல்லாரும் அதையே வைத்துக் கட்டிக்கொண்டார்கள். சாத்தூர், கோவில்பட்டி, அருப்புக்கோட்டை, கடம்பூர், எட்டயபுரம், விளாத்திகுளம் என்று ஆறு ஊரிலும் அதற்கு மணிலா வீடு என்றுதான் பெயர். நான் சாத்தூர் மணிலா வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், பெயர் ராஜபுஷ்பம், பிள்ளை இல்லை, புருஷன் போய் எட்டு வருஷம் ஆகிறது. வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள், நீளம்தான்.

இந்த வீடுகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு வீட்டுச் சுவரில் ஆணி அடித்தால் ஆறு வீட்டுச் சுவரிலும் ஓட்டை விழும், ஒரு வீட்டுத் தரையில் உலக்கை விழுந்தால் ஆறு வீட்டுத் தரையிலும் ஓடு உடையும், ஒரு வீட்டில் வெள்ளையடித்தால் மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் காலையில் எழுந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறப்பார்கள். மேஜை நாற்காலிக்கு இது கிடையாது, மனிதருக்குக் கிடையாது, சுவருக்கும் தரைக்கும் கதவுக்கும் மட்டும்தான். ஏன் என்று எவரும் கேட்டதில்லை, மாமியார் ஏன் இப்படி என்று யார் கேட்கிறார்கள், அதைப் போலத்தான் இதுவும், வந்த இடத்தில் இருந்தது, பழகிக்கொண்டோம்.

பழகுவதற்குத்தான் ஆணிக் கூட்டம் வைத்திருந்தோம். ஆடி மாதம் முதல் ஞாயிறு ஆறு வீட்டுக்காரர்களும் கடம்பூர் வக்கீல் தவசிமணி வீட்டில் கூடுவோம், யாருக்கு எங்கே ஆணி வேண்டும், யாருக்கு எங்கே பரண் வேண்டும் என்று சொல்லுவோம், கை தூக்குவோம், எல்லாருக்கும் சம்மதம் என்றால்தான் சுத்தியலை எடுக்கலாம். ஒரு வருஷம் எட்டயபுரம் வீட்டு அண்ணன் தம்பிகள் சண்டை போட்டுப் பிரிந்து, தம்பி தனக்குத் தனி வாசல் வேண்டும் என்று கூட்டத்தைக் கேட்காமல் சுவரை உடைத்துவிட்டான். மறு நிமிஷம் கோவில்பட்டியில் குளித்துக்கொண்டிருந்த மனிதர் தெருவில் போகிற எல்லாருக்கும் தெரிந்தார். அன்றைக்கு ஐந்து ஊரிலிருந்தும் ஆட்கள் வேன் பிடித்துப் போய், அந்தத் தம்பியை நடுத்தெருவில் போட்டு விலா எலும்பு இரண்டு ஒடிய மிதித்து, அவன் கையாலேயே வாசலை அடைக்க வைத்துவிட்டுத் திரும்பினார்கள். எங்களுக்குள் ஒழுங்கு என்பது அப்படித்தான் இருந்தது, அதில் எனக்கும் அப்போது ஒரு குறையும் தெரியவில்லை.

அந்தப் புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு, மாடத்தை ஒட்டின மூலை அறையில், சுவர் தானாக டமாரென்று அதிர்ந்தது. போய்ப் பார்த்தால் ஒரு பெண்பிள்ளையின் தலை உயரத்தில் காரை உள்வாங்கிக் குழி விழுந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. மூன்றாம் நாள் கதவின் உட்பக்கத்தில் ஐந்து நகக் கீறல் மேலிருந்து கீழாக இறங்கியது. எட்டாம் நாள் சுண்ணாம்புக்குள்ளிருந்து ரத்தம் ஊறி வந்தது. நாள் தவறாமல் நான்கு மணி.

ஆறு வீடும் இதையும் பழகிக்கொண்டது. கோவில்பட்டி வீட்டில் அந்த அறையைப் பூட்டினார்கள். விளாத்திகுளத்தில் மிளகாய் மூட்டையை அடுக்கி மறைத்தார்கள். எட்டயபுரத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கடம்பூரில் நான்கு மணிக்கு டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்தார்கள். போலீசுக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது வக்கீல் சிரித்தார், என் வீட்டுச் சுவரில் எவளோ அடி வாங்குகிறாள் என்று எழுதிக் கொடுப்பீர்களா அம்மா என்று கேட்டார்.

கார்த்திகையில் சுவரில் கை விழுந்தது. ரத்தத்தில் தோய்ந்த முழு உள்ளங்கை, ஐந்து விரலும் ரேகையும் தெரிய, மோதிர விரலில் தடித்த மோதிரத்தின் அச்சோடு, ஒரு ஆண்பிள்ளையின் இடது கை. தவசிமணி உடனே ஆணிக் கூட்டத்தைக் கூட்டினார். ஆறு வீட்டில் ஒருவன் பொய் சொல்கிறான், அவன் இடது கைக்காரன் என்றார். எல்லாருடைய கண்ணும் அருப்புக்கோட்டை ஞானப்பழத்தின் மேல் போனது, ஏனென்றால் ஆறு வீட்டிலும் இடது கையால் எழுதுகிறவர் அவர் ஒருவர்தான். பத்திர ஆபீஸ் வாசலில் டைப் அடிக்கிற மனிதர், சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை. மோதிரம் எங்கே என்று கேட்டார்கள், மோதிரமே போடுவதில்லை என்றார், ஒளித்துவிட்டான் என்று ஒருவர் சொன்னார்.

அவர் மனைவி அன்னத்தாய் கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள். தன் உடம்பில் ஒரு கீறல் இல்லை, வேண்டுமானால் பெண்கள் உள்ளே கூட்டிப்போய்ப் பாருங்கள், அவர் தன்னை ஒரு நாளும் கை நீட்டித் தொட்டதில்லை என்றாள். அப்போது பேசியது நான்தான். இத்தனை பேர் இருக்க, என் நீள வாய்தான் முந்திக்கொண்டது.

"அடி வாங்குறவ இப்படித்தான் சொல்லுவா. நான் பத்தொம்பது வருசம் சொல்லியிருக்கேன்."

அதற்கு மேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. நான்கு பேர் ஞானப்பழத்தைத் தரையில் அழுத்திப் பிடித்தார்கள், எட்டயபுரத்துத் தம்பி, அதுதான் விலா எலும்பு ஒடிந்தவன், அம்மிக் குழவியைக் கொண்டுவந்து அவர் இடது மணிக்கட்டில் மூன்று முறை போட்டான். மூன்றாவதில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கடம்பூர் வீட்டுத் தரை உடைந்தது, அதனால் ஆறு வீட்டுத் தரையும் அந்த இடத்தில் உடைந்தது. அன்னத்தாய் அழவில்லை, என்னை மட்டும் பார்த்தாள்.

மறுநாள் நான்கு மணிக்கு ஞானப்பழம் ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடந்தார், சுவரில் அடி விழுந்தது. முன்னை விடப் பலமாக விழுந்தது.

அப்போதுதான் சுவரை முழுசாகப் பார்ப்போம் என்று காலண்டர்களைக் கழற்றினார்கள். எல்லா மணிலா வீட்டிலும் மூலை அறையில் அந்த இடத்தில் பெரிய காலண்டர் தொங்கும், ஒரு ஆடியில் வக்கீல்தான் அந்த ஆணியைக் கேட்டார், நானும் கை தூக்கினேன், எங்கள் வீட்டில் மட்டும் அங்கே பீரோ நின்றதால் காலண்டர் மாட்டவில்லை. நான் கடம்பூருக்குப் போயிருந்த அன்று காலண்டரைக் கழற்றினால், அதற்குப் பின்னால் பழைய குழிகள் இருந்தன, பத்துப் பதினைந்து, காவி பிடித்து, ஒவ்வொன்றின் கீழும் கொண்டை ஊசி இழுத்த கோடு. கொண்டை ஊசி என்னுடையது. அந்தப் பீரோவை என் புருஷன் அங்கே நகர்த்தி வைத்த தேதி எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் என் தலை மோதினது ஆறு வீட்டிலும் தெரிந்திருக்கிறது, அவர்கள் கூடிப் பேசி, ஒரு ஆணி அடித்து, அதன் மேல் முருகன் படம் போட்ட காலண்டரை மாட்டியிருக்கிறார்கள். வக்கீல் வீட்டம்மா காப்பி கொண்டுவந்து நீட்டினாள். அதை அவள் முகத்தில் வீசினேன், சூடாகத்தான் இருந்தது, எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

வக்கீல் வைத்திருந்த வீட்டுப் படத்தை எடுக்கச் சொன்னேன். நீலம் மங்கின அந்தத் துணித்தாளின் பின்பக்கம் கூட்டாளிகள் கையெழுத்து ஆறு இருந்தது, ஏழாவது ஒன்று பிளேடால் சுரண்டியிருந்தது. மில்லில் சண்டை போட்டுப் பிரிந்துபோன ஒருவராக இருக்கும், பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. அந்த வீட்டுக்குள் ஒருத்தி தினமும் நான்கு மணிக்கு அடி வாங்குகிறாள், குழிகள் நாளுக்கு நாள் ஆழமாகிக்கொண்டே போகின்றன, ஒரு நாள் நின்றுவிடும். அது எதனால் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் போயாக வேண்டும் என்று கிளம்பினேன், கூட வந்தது அன்னத்தாய் ஒருத்திதான். உங்களை மன்னித்து வரவில்லை, அந்தக் கை யாருடையது என்று பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

கிளம்புமுன் என் வீட்டு வாசல்படியின் வலது ஓரத்தில் உளியால் ஒரு பெருக்கல் குறி வெட்டினேன், அது எல்லாப் படியிலும் விழுந்திருக்கும், குறி இருக்கிற வீடுதான் நம் வீடு. மார்கழி முழுக்க, தை முழுக்க அலைந்தோம். சிவப்பு ஓடு போட்ட பங்களா என்று யார் கை காட்டினாலும் போனோம், அது பழைய ஜமீன் கச்சேரியாக இருக்கும், பாதிரியார் வீடாக இருக்கும், கீழே நெல் அவிக்கிற மில்லாக இருக்கும், நாங்கள் குனிந்து படியைப் பார்ப்போம், நாய் குரைக்கும், திரும்பி நடப்போம். ஒவ்வொரு நாளும் நான்கு மணிக்கு எந்தப் பஸ்ஸில் இருந்தாலும் என் கை தானாகப் பிடரிக்குப் போகும்.

பசுவந்தனைப் பக்கம் ஒரு வீட்டைப் பார்த்தோம். திருகின தூண் இருந்தது, மாடம் இருந்தது, ஆனால் மாடம் இடது கைப் பக்கம், வீடு மேற்குப் பார்த்து. இருந்தாலும் வந்ததற்குப் பார்ப்போம் என்று படியின் வலது ஓரத்தைப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள், முப்பது வயசு இருக்கும், முக்காடு போட்டிருந்தாள், வெயிலுக்கு என்று நினைத்தோம். குடிக்கத் தண்ணீர் கேட்டேன், செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள், ஒரு கை விரல்கள் மடங்கவில்லை. எங்கேயிருந்து வாரீங்க என்று கேட்டாள், சாத்தூர் என்றேன், கொஞ்சம் உட்காந்துட்டுப் போங்களேன் என்றாள். நேரமாகிறது தாயி என்று சொல்லிவிட்டு வந்தோம். இதை எழுதும்போது என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

தை முடிந்ததும் அவரவர் ஊருக்குத் திரும்பிவிட்டோம், மாசி பிறந்து நாலாம் நாள் அன்னத்தாய் எனக்குப் போன் செய்தாள். கையொடிந்த புருஷனுக்குப் பதில் அவள்தான் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தாள், பழக்கமில்லாமல் கார்பன் தாளைத் திருப்பி வைத்துவிட்டாள், அடித்து முடித்து உருவினால் எழுத்தெல்லாம் அதே தாளின் முதுகில் இடம் வலமாக விழுந்திருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தவள், மூலை அறைக்குப் போய் ரத்தக் கையைப் பார்த்தாளாம்.

"மதினி, அது இடது கை இல்ல. வலது கை. அந்த வீட்ட கொத்தனார் படத்தத் திருப்பிப் போட்டுக் கட்டியிருக்காரு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மேற்குப் பார்த்த மனையில் இந்தப் படத்தை அப்படியே வைத்தால் அடுக்களை வடகிழக்கு ஈசானிய மூலையில் போய் உட்காரும், சாமி மூலையில் அடுப்பெரிக்க எந்தக் கொத்தனார் சம்மதிப்பான், படத்தைப் புரட்டிப் போட்டிருக்கிறான், அடுக்களை அக்கினி மூலைக்கு வந்துவிட்டது, மாடம் இடது பக்கம் போய்விட்டது, நான் வெட்டின குறி படியின் இடது ஓரத்தில் இருந்திருக்கிறது, வலது கைக்காரன் ஒருவன் அடித்த அடிக்கு இடது கைக்காரர் ஒருவரின் எலும்பை நாங்கள் உடைத்திருக்கிறோம். செம்பு நீட்டின அந்த விரல்கள் கண் முன்னால் வந்தன.

பசுவந்தனையில் நாங்கள் இறங்கும்போது மூன்றே முக்கால். படியின் இடது ஓரத்தில் குறி இருந்தது. கதவு உள்தாழ்ப்பாள், தேக்கு, ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. தெருவில் இருந்தவர்களிடம் கேட்டால், உரக்கடை மாசிலாமணி வீடு, செத்துப்போன பெரியப்பா வீட்டுக்குப் புரட்டாசியில்தான் குடி வந்தார், அவர் சம்சாரம் செவ்வந்தி, குடும்ப விஷயம் அம்மா என்றார்கள். நான்கு மணிக்கு முதல் சத்தம் கேட்டது. ஐந்து மாதம் சுவரில் பார்த்ததை அன்றுதான் காதில் கேட்டேன். முதலில் அவள் கத்தினாள், அப்புறம் வேண்டாம் வேண்டாம் என்றாள், அப்புறம் சத்தமே இல்லாமல் சுவர் மட்டும் அதிர்ந்தது.

கதவில் தோளால் மோதினேன், அசையவில்லை. வக்கீலுக்குப் போன் போட்டு, உன் வீட்டு மூலை அறையை உடை, இங்கே வழி திறக்கும் என்றேன். மற்ற வீட்டுக்காரர்களைக் கேட்காமல் எப்படி, கூட்டத்தைப் போடுவோம் என்றார். கோவில்பட்டிக்காரர் எடுக்கவே இல்லை. அன்னத்தாய் தன் போனை எடுத்தாள், யாருக்குப் போடுகிறாள் என்று தெரிந்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் இரண்டு வார்த்தையில் சொன்னாள். ஞானப்பழம் அந்தப் பக்கமிருந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எந்தச் சுவரு?"

அவள் முதுகு இருக்கிற சுவர் வேண்டாம், தெருப் பக்கத்து ஜன்னல் சுவர் என்று நான் அன்னத்தாயின் காதில் கத்தினேன். அருப்புக்கோட்டையில் அந்த மனிதர் இடது கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு, எழுத்துக்குக்கூடப் பழகாத வலது கையால் கடப்பாரையைத் தூக்கி அடித்தார். எங்கள் எதிரே சுவரில் காரை பொத்தென்று உதிர்ந்தது. மறுபடி அடித்தார், செங்கல் தெரிந்தது. தெருக்காரர்கள் சாமி சாமி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்வாங்கினார்கள். பத்து அடியா பன்னிரண்டா தெரியாது, ஜன்னல் சட்டத்தோடு பிடுங்கிக்கொண்டு சுவர் உள்பக்கமாகச் சரிந்தது, தூசிக்குள் நாங்கள் இரண்டு பேரும் ஏறிப் போனோம்.

மாசிலாமணியின் கால் செங்கலுக்குள் மாட்டியிருந்தது, ஆனாலும் அவள் கூந்தலை விடவில்லை. நான் அந்தக் கையைப் பிடித்துக் கடித்தேன், அவன் மற்றக் கையால் என் வாயில் குத்தினான், முன்பல் இரண்டு தொண்டைக்குள் போனது. அன்னத்தாய் கீழே கிடந்த செங்கலை எடுத்தாள். அவன் வலது கையைத் தேடிப் பிடித்து, மோதிரத்தைப் பார்த்து, தரையில் வைத்து, மணிக்கட்டில் மூன்று முறை போட்டாள். எண்ணித்தான் போட்டாள். அவன் அலறின அலறலில் எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன், அவள் முகத்தைப் பார்த்தேன், அவளுக்கும் வரவில்லை.

தெருக்காரர்கள் அவனை இழுத்துப் போனார்கள், போலீசுக்கு ஆள் போயிற்று, இப்போது ஆளாளுக்குக் கடப்பாரையும் மண்வெட்டியுமாக உதவிக்கு வந்து நின்றார்கள். செவ்வந்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், ஒரு கண் மூடிவிட்டது, காதிலிருந்து ரத்தம் வடிந்தது, உயிர் இருந்தது. என் முந்தானையை நனைத்து அவள் முகத்தைத் துடைத்தேன். எப்படி வந்தீர்கள் என்று கேட்டாள். வீடுகளின் குணத்தைச் சொன்னேன். அவள் அதைப் பற்றி ஆச்சரியப்படவில்லை, வேறு ஒன்று கேட்டாள்.

"அப்ப என்னை அடிச்சது உங்க எல்லார் வீட்டுலயும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது தாயி."

"எப்ப இருந்து?"

"மொத நாள்ல இருந்து."

காதில் வடிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு, அவர் முன்னெல்லாம் இப்படி இல்லை என்றாள், எப்போதாவது ஒரு அறை, அவ்வளவுதான், இந்த வீட்டுக்கு வந்த அன்று சாமான் இறக்கும்போது இந்தச் சுவரில் ஏற்கெனவே குழி குழியாக இருந்ததைப் பார்த்தார், தடவித் தடவிப் பார்த்தார், பெரியப்பா இங்கே எவளையோ வைத்திருந்த லட்சணம் இதுதான், இந்த வீட்டுப் பொம்பளைக்கு இடம் இதுதான் என்று சிரித்தார், அன்று சாயங்காலமே ஆரம்பித்தார் என்றாள். அவருடைய பெரியப்பா பிரம்மச்சாரியாகச் செத்தவர், அந்த வீட்டில் ஒரு பொம்பளை இருந்ததே இல்லை என்று தெருக்காரர் ஒருவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். நான் கையை நீட்டி அந்தக் குழிகளைத் தொட்டேன், கொண்டை ஊசிக் கோட்டைத் தொட்டேன். அது என் தலை என்று அவளிடம் சொன்னேன். பல் போன வாயில் சொல் குழறியது, இருந்தாலும் அவளுக்குப் புரிந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை, என் கையையும் பிடிக்கவில்லை. எழுந்தாள். பக்கத்தில் நின்றவர் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினாள், மடங்காத விரல்களை இன்னொரு கையால் மடக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தச் சுவரில் ஒரு போடு போட்டாள். மாடம் அசைந்தது. என் போன் அடித்தது, வக்கீல்தான், எங்கள் வீட்டில் மாடம் ஆடுகிறது, யார் அவள், அவளை நிறுத்துங்கள் என்றார். எனக்குச் சாத்தூர் வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது, இது விழுந்தால் அதுவும் விழும் என்று அவரை விட எனக்குத்தான் தெரியும்.

செவ்வந்தியை ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னேன். வக்கீலிடம் குடும்பத்தோடு தெருவுக்கு வரச் சொன்னேன். கோவில்பட்டிக்குச் சொன்னேன், எட்டயபுரத்துக்குச் சொன்னேன், விளாத்திகுளத்தில் மூட்டை தூக்குகிறவர்களை வெளியேறச் சொன்னேன், என் வீட்டில் பாத்திரம் விளக்குகிற அம்மாவைப் பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகச் சொன்னேன். ஞானப்பழம் ஏற்கெனவே தெருவில்தான் நிற்கிறார் என்றாள் அன்னத்தாய். கடைசியில் வக்கீலும் வெளியே வந்துவிட்டேன் என்று சொல்லி அழுதார். நான் போனை அணைத்துவிட்டுச் செவ்வந்தியிடம் திரும்பினேன்.

"எல்லாரும் வெளிய வந்துட்டாக தாயி. என் வீடும் இதுதான். அடி."

பொழுது சாயும் வரை அடித்தாள். விழுகிற செங்கலை நானும் அன்னத்தாயும் அள்ளி ஓரமாகப் போட்டோம்.